கேளுங்க அக்கா: வீட்டு வழக்கமும் வேத வசனமும்

போன இதழ்ல "உங்க வீட்ல காலங்காலமா செய்றது, ஆனா ஏன் செய்றோம்னே தெரியாதது எதாவது இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வாட்ஸ்அப்லயும் தபால்லயும் வந்து குவிஞ்சிருச்சு. அதுல பாதி மாமியார் மேல கம்ப்ளெயின்ட், அதை நான் தொடமாட்டேன். மீதியில கொஞ்சம் இங்க. பேர் போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

வாசகி, பாளையங்கோட்டை: அக்கா, நாங்க நாலு தலைமுறையா சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவங்க. தங்கச்சி கல்யாணம் வெள்ளிக்கிழமை காலைல 11 மணிக்குன்னு சர்ச்ல முடிவாச்சு. இப்போ அப்பாவே அது ராகு காலம், 9 மணிக்கு மாத்துவோம்ங்குறாங்க. கேட்டா "எனக்கு நம்பிக்கை எல்லாம் இல்ல, எதுக்கு வம்பு"ன்னு சொல்றாங்க. இதுல தப்பு இருக்கா?

பதில்: நம்பிக்கை இல்லாதவங்களுக்கு மாத்தணும்னே தோணாதும்மா. உள்ள எங்கயோ ஒரு பயம் ஒட்டிட்டு இருக்கு, அதான். வெள்ளிக்கிழமை 10:30லிருந்து 12 வரைக்கும் ராகு காலம்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4:30லிருந்து 6 வரைக்கும் ராகு காலம்தான், அந்த நேரத்துல எத்தனை சர்ச்ல சாயங்கால ஆராதனைக்கு மணி அடிக்கிறாங்க, உங்க அப்பாவும் வருஷக்கணக்கா போயிட்டுதான் இருப்பாங்க, ஒரு நாளாவது காலண்டரை பாத்துட்டு கிளம்பியிருப்பாங்களா? இத்தனைக்கும் இயேசு படம் போட்ட அட்டையில தொங்குற தினசரி காலண்டர்லயும் கீழ ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடிச்சேதான் வருது. நாமளும் கிழிச்சுக்கிட்டேதான் இருக்கோம்.

வேதத்துல, அதாவது பைபிள்ல, உபாகமம் 18-ம் அதிகாரத்துல குறி சொல்றவனோட சேத்து நாள் பாக்கிறவனையும் வேண்டாம்னு சொல்லியிருக்கு. அப்போஸ்தலர் பவுல் கலாத்தியா சபைக்காரங்களுக்கு கடிதம் எழுதுறப்போ "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே"ன்னு வருத்தப்பட்டு, நான் உங்களுக்காக பாடுபட்டது வீணாப் போச்சோன்னு பயமா இருக்குங்குறாரு. ஆனா அதே பவுல் ரோமர் 14-ல, ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா நினைக்கிறான், இன்னொருத்தன் எல்லா நாளும் ஒண்ணுன்னு நினைக்கிறான், அவனவன் மனசுல நிச்சயமா இருக்கட்டும்னு விட்டுடறாரு. ஒரு இடத்துல கோவம், ஒரு இடத்துல விட்டுக்கொடுக்கிறது, ஏன்னு பாத்தா ரோமர்ல அந்த ஆள் நாளை கர்த்தருக்குன்னு பாக்குறான், கலாத்தியாவுல ஜனங்க ஏற்கனவே விட்டு வந்த அடிமைத்தனத்துக்கே திரும்பிப் போறாங்க.

அதனால காரணத்தை பாருங்க. ஒருவேளை மாப்பிள்ளை வீட்டுல இந்து சொந்தக்காரங்க இருந்து, அந்த நேரம்னா வயசான ஒரு அத்தை வரமாட்டாங்க, அவங்களுக்காக 9 மணின்னு வச்சா அது அன்பு, அடுத்தவங்க மனசு இடறாம நடந்துக்கணும்னு பவுல் சொல்ற 1 கொரிந்தியர் 8 படிச்சா புரியும், 9 மணிக்கு கல்யாணம் பண்றதால ஒண்ணும் கெட்டுப்போகாது. அப்பாவோட பயத்துக்காகன்னா வேற. யாரும் பாக்காத ஒரு நாள்ல, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறப்பவோ வண்டி டெலிவரி எடுக்கிறப்பவோ அப்பா காலண்டரை திருப்புறாங்களான்னு கவனிங்க, பதில் அங்க கிடைச்சுரும். அதுக்காக கல்யாண வாரத்துல அப்பாவை உக்கார வச்சு பிரசங்கம் பண்ணிராதீங்க. அது முடிஞ்சு ஒரு மாசம் போகட்டும்.

சண்டே ஸ்கூல் டீச்சர், நாசரேத்: கிறிஸ்மஸ் டிராமாவுல மூணு ராஜா வர்றது வேதத்துல இல்லன்னு ஒரு அண்ணன் சண்டை போட்டுட்டாரு. பிள்ளைங்க ஏற்கனவே கிரீடம் எல்லாம் ஒட்டி வச்சிருச்சுங்க.

பதில்: அண்ணன் சொல்றது சரிதான். மத்தேயு 2-ல சாஸ்திரிகள்னுதான் இருக்கு, எத்தனை பேர்னு இல்ல, ராஜான்னும் இல்ல, அவங்க வந்து பாத்தது தொழுவத்துலயும் இல்ல, வீட்டுல. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு காணிக்கை மூணு, அதை வச்சு ஆளும் மூணு பேர்னு ஆயிருச்சு, அப்புறம் பேரும் வச்சாச்சு, ஜெர்மனியில கொலோன் பேராலயத்துல அந்த மூணு பேரோட எலும்புன்னு சொல்லி 1164-லிருந்து வச்சிருக்காங்க. கிரீடம் இருக்கட்டும் டீச்சர், பிள்ளைங்க மனசை உடைக்காதீங்க. டிராமா முடிஞ்சதும் மத்தேயு 2-ஐ ஒரு பையனை விட்டு சத்தமா வாசிக்கச் சொல்லி, இப்போ நடிச்சதுல வேதத்துல இல்லாதது எதுன்னு கண்டுபிடிங்கன்னு விடுங்க. பெரியவங்களை விட பிள்ளைங்க நல்லாவே கண்டுபிடிக்கும்.

வாசகர், தூத்துக்குடி: அக்கா, என் தம்பி கூட வேலை பாக்குற பொண்ணையே கட்டணும்ங்குறான். பொண்ணும் நம்ம சபைதான், திடப்படுத்தல் (சபையில முழு உறுப்பினரா சேக்கிற சடங்கு) எல்லாம் ஆனவ, ஜாதி மட்டும் வேற. எங்க அப்பா சபைக் கமிட்டியில இருக்காங்க. "ஆபிரகாம் சொந்த இனத்துலதானே பொண்ணு எடுத்தாரு, பவுலும் அந்நிய நுகம்னு சொல்றாரே"ன்னு வசனத்தோட அடிக்கிறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பதில்: அண்ணாச்சி, முதல்ல அந்த ரெண்டு வசனத்தையும் முடிச்சுருவோம். 2 கொரிந்தியர் 6:14-ஐ முழுசா வாசிங்க, "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக"ன்னு இருக்கு. உங்க அப்பா நடுவுல அவிசுவாசிங்குறதை விட்டுட்டு வாசிக்கிறாங்க. அந்தப் பொண்ணு அவங்க கூட ஒரே பந்தியில திருவிருந்து, அதாவது சர்ச்ல கொடுக்கிற அப்பமும் ரசமும் எடுக்கிறவ, அவளை அவிசுவாசின்னு சொல்றதா இருந்தா கமிட்டியில அதை எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க பாப்போம். ஆபிரகாம் கதை ஆதியாகமம் 24. அதுல வேலைக்காரன் பத்து ஒட்டகத்தை ஓட்டிட்டுப் போய் கிணத்தடியில நின்னு, எனக்கும் ஒட்டகத்துக்கும் தண்ணி ஊத்துற பொண்ணுதான் பொண்ணுன்னு தேர்ந்தெடுக்கிறான். அதெல்லாம் வேண்டாம், சொந்தம்ங்குற ஒண்ணு மட்டும் கட்டளையா வேணும்னா எப்படி? மோசே கட்டினது எத்தியோப்பிய தேசத்துப் பொண்ணு, அதைப் பத்தி வாய் விட்ட அவர் அக்கா மிரியாமுக்குத்தான் குஷ்டம் வந்துச்சு, எண்ணாகமம் 12. வேற இனத்துக்காரங்களான மோவாபிய ரூத்தும் எரிகோ ராகாபும் மத்தேயு முதல் அதிகாரத்துல இயேசுவோட வம்ச வரலாத்துலயே வந்து உக்காந்திருக்காங்க.

ஆனா வசனத்துக்கு வசனம் எடுத்து வச்சா அப்பா மாறிருவாங்கன்னு நான் நினைக்கல, ஏன்னா அவங்க வசனத்துலருந்து இந்த முடிவுக்கு வரல, முடிவை கையில வச்சுக்கிட்டு அப்புறமா வசனம் தேடியிருக்காங்க. கலாத்தியர் 2-ல இயேசுவோட சீடர் பேதுருவுக்கு நடந்தது இதான். அவருக்கு விஷயம் தெரியாதா என்ன, அப்போஸ்தலர் 10-ல எந்த மனுஷனையும் தீட்டுன்னு சொல்லக்கூடாதுன்னு தரிசனமே பாத்தவரு, புறஜாதிக்காரரான, அதாவது யூதர் இல்லாத கொர்நேலியு வீட்டுக்குள்ள போனவரு, அந்தியோகியாவுல புறஜாதிக்காரங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டுதான் இருந்தாரு, எருசலேம்லருந்து யூதர் நாலு பேர் வந்ததும் பயந்துபோய் தட்டை எடுத்துக்கிட்டு தள்ளி உக்காந்துட்டாரு, அவரைப் பாத்து பவுலோட கூட்டாளி பர்னபாவும் தள்ளி உக்காந்தாச்சு. பவுல் எல்லார் முன்னாடியும் அவரை நேருக்கு நேரா கேட்டாரு. சுவிசேஷத்துக்கு ஏத்த மாதிரி நடக்கலைங்குறதுதான் அவர் சொன்ன குற்றம். சாப்பாட்டுப் பந்தியில தள்ளி உக்காந்ததுக்கே அவ்வளவு பேச்சுன்னா பொண்ணு வேண்டாம்னு தள்ளுறதுக்கு என்ன சொல்லியிருப்பாரோ.

நம்ம ஊர் கதையும் ஒண்ணு சொல்றேன், இது அப்பாவுக்கு பிடிக்கும், ஏன்னா அவங்களுக்கு பிடிச்ச பாட்டுல ஒண்ணு ரெண்டாவது இவரோடதா இருக்கும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774-ல உங்க பக்கத்துல பாளையங்கோட்டையில பொறந்தவரு, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட வளந்தவரு, அவரோட கீர்த்தனைகளை இன்னிக்கும் பாடுறோம். புதுசா வந்த மிஷனரிமார் சபையில பண்ற மாத்தங்களைப் பாத்து அவருக்கு பயங்கர கோவம். பழைய வேத மொழிபெயர்ப்பை மாத்துறாங்க, ஜாதி பாக்காம ஒண்ணா இருக்கச் சொல்றாங்க, கல்யாணத்துலயும் சாவுலயும் பூ கூடாதுங்குறாங்க, ஆராதனையில தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் ஒதுக்குறாங்கன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி எதிர்த்தாரு. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசத்தை விட்டே ஆகணும்னு கடிதம் போட்டாரு, தஞ்சாவூர்லயும் சென்னை வேப்பேரியிலயும் நிறைய பேர் சபையை விட்டே வெளிய போனாங்க.

இப்போ பாருங்க, பூ விஷயத்துல சாஸ்திரியார் சொன்னது சரி, பாட்டு விஷயத்துல நூத்துக்கு நூறு சரி, அவர் மட்டும் பிடிவாதமா இல்லன்னா நாம இன்னிக்கு வெறும் இங்கிலீஷ் ட்யூனையே பாடிட்டு இருந்திருப்போம். ஜாதி விஷயத்துல தப்பு. மிஷனரிமாருக்கு அப்படியே தலைகீழ். ரெண்டு பக்கமும் தன்னோட பழக்கத்தை எல்லாம் ஒரே மூட்டையா வச்சுக்கிட்டு, முழுசா எடு இல்ல முழுசா விடுன்னு நின்னாங்க. மூட்டையை பிரிச்சு ஒவ்வொண்ணா பாத்திருக்கணும். பூ வைக்கிறதால யாரும் சர்ச் வாசல்ல நிக்கல, ஜாதியால ஒருத்தன் நின்னான், ஒரே கோப்பையில குடிக்க முடியாம நின்னான். ஒரு வழக்கத்தைப் பத்தி நான் முதல்ல கேக்குறது இதைத்தான், இதனால வெளிய நிக்கிறது யாரு? அது எங்கருந்து வந்துச்சுங்குறதெல்லாம் அப்புறம்.

நம்ம பத்திரிகையில வர்ற "மணமகள் தேவை" விளம்பரத்துல சபைப் பேருக்கு பக்கத்துலயே ஜாதிப் பேரும் இருக்கத்தான் செய்யுது, ஆசிரியர் கோவிச்சாலும் பரவால்ல சொல்லிடறேன். பொட்டு வைக்கலாமா, காதுல கம்மல் போடலாமான்னு மணிக்கணக்கா பேசுற கூட்டத்துல இதைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கறதில்ல. கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை முழுங்குறீங்கன்னு இயேசு சொன்னது இதுக்கு அப்படியே பொருந்தும்.

தம்பிகிட்ட சொல்லுங்க, ஓடிப்போய் ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி அப்பாவுக்கு கொஞ்சம் டைம் கொடுக்கட்டும். ஆயர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து போங்க. அந்தப் பொண்ணை ஒரு நாள் வீட்டுக்கு சாப்பிட கூப்பிடுங்க, உங்க அம்மா பக்கத்துல உக்காந்து சாப்பிடட்டும். அம்மாவை சும்மா நினைச்சிராதீங்க.

வாசகர், சேலம்: அக்கா, எங்க குடும்பத்துல நான் மட்டும்தான் கிறிஸ்டியன். அப்பாவுக்கு ரொம்ப முடியல, டாக்டர் கை விரிச்சிட்டாங்க. நான்தான் மூத்த பையன், நாளைக்கு கொள்ளி நான்தான் வைக்கணும்னு சித்தப்பா இப்பவே சொல்றாரு. எங்க பாஸ்டரோ அந்தச் சடங்கு பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. தூக்கமே இல்ல.

பதில்: தம்பி, முதல்ல அப்பா பக்கத்துல போய் உக்காருங்க, இன்னும் இருக்காங்கல்ல. கால் பிடிச்சு விடுங்க, ராத்திரி முழிச்சிருங்க. மாற்கு 7-ல இயேசு, முன்னோர் பாரம்பரியத்தை கறாரா பாக்குற பரிசேயரை கண்டிக்கிறது எதுக்கு தெரியுமா, அப்பா அம்மாவுக்கு கொடுக்க வேண்டியதை "கொர்பான்"னு சொல்லி, அதாவது கடவுளுக்குன்னு நேர்ந்தாச்சுன்னு சொல்லி தட்டிக் கழிச்சதுக்கு. கடவுள் பேரைச் சொல்லி பெத்தவங்களை கைவிடுற பாரம்பரியத்தைத்தான் அவர் கிழிச்சாரு. பாரம்பரியம் கூடாதுங்குறதுக்கு அந்த அதிகாரத்தை எடுத்துப் பேசுறவங்க இந்த இடத்தை வேகமா தாண்டிருவாங்க.

உடலை எரிக்கிறது பாவம்னு வேதம் எங்கயும் சொல்லல. 1 சாமுவேல் 31-ல யாபேஸ் ஊர்க்காரங்க சவுல் ராஜாவோட உடலை எரிச்சு எலும்பை அடக்கம் பண்ணினாங்க, தாவீது அவங்களை ஆசீர்வதிச்சான். யாக்கோபு செத்தப்போ யோசேப்பு எகிப்து வைத்தியர்களை வச்சு எகிப்து முறையில சுகந்தவர்க்கம் போடச் சொன்னான், அதுக்கு 40 நாள், எகிப்தியர் துக்கம் கொண்டாடினது 70 நாள். ஆதியாகமம் 50-ல அதுக்கு ஒரு வார்த்தை குறை இல்ல. அதனால தோள் கொடுக்கிறது, சுடுகாடு வரைக்கும் நடக்கிறது, மகனா நெருப்பு வைக்கிறது, இதையெல்லாம் நான் தப்புன்னு சொல்லமாட்டேன். பிண்டம் வைக்கிறது, மந்திரம் சொல்றது, வருஷா வருஷம் திதி கொடுக்கிறது வேற, அதுல செத்தவங்களுக்கு படைக்கிறோம்ங்குற நம்பிக்கையே இருக்கு, அதை உங்க தம்பியோ சித்தப்பா பையனோ செய்யட்டும்னு இப்பவே, அமைதியா இருக்கிற நேரத்துலயே சித்தப்பாகிட்ட பேசிடுங்க. சாவு வீட்டுல வச்சு பேசினா அது அவமரியாதையாத்தான் படும். செலவுல உங்க பங்குக்கு மேலயே கொடுங்க, பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் மதம் மாறினான்னு ஒரு பேச்சு வரக்கூடாது.

இதுல எல்லாருக்கும் ஒரே கருத்து இல்ல. கத்தோலிக்க சபை சீனாவுல முன்னோருக்கு மரியாதை செய்ற சடங்கை 1742-ல ஒரேயடியா தடை பண்ணிட்டு 1939-ல தளர்த்தினாங்க, அவங்களுக்கே ரெண்டு நூற்றாண்டு ஆச்சு, உங்களுக்கு ஒரு வாரத்துல தெளிவாகலன்னா பரவால்ல. 2 ராஜாக்கள் 5-ல கர்த்தரை நம்ப ஆரம்பிச்ச சீரியா படைத்தலைவன் நாகமான், எலிசா தீர்க்கதரிசிகிட்ட, என் ராஜா ரிம்மோன் கோயில்ல குனியுறப்போ என் கையைப் பிடிச்சிருப்பாரு, நானும் குனிய வேண்டி வரும், கர்த்தர் அதை மன்னிக்கணும்னு கேக்குறான். எலிசா சட்டம் பேசல. "சமாதானத்தோடே போ"ன்னு அனுப்பிட்டாரு.

வாசகி, மதுரை: நியூ இயர் ஆராதனையில வாக்குத்தத்தம் (வருஷத்துக்கு ஒரு வசனம்னு எடுக்கிற கார்டு) எடுத்தோம். எல்லாருக்கும் ஆசீர்வாத வசனம், எனக்கு மட்டும் பாடு, உபத்திரவம்னு வந்துச்சு. அதுலருந்து மனசே சரியில்ல. வேற சர்ச்ல போய் இன்னொண்ணு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, இன்னொரு சர்ச்ல எடுத்தா இன்னொரு பயம் வரும். சீட்டு எடுத்து வசனம் பாக்குறது ஒண்ணும் புதுசில்ல, ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்குற ஊர்ல மொரேவியன் சபைக்காரங்க ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தை சீட்டு போட்டு எடுத்து 1731-லிருந்து புஸ்தகமாவே அச்சடிக்கிறாங்க, அன்னிக்கு தியானிக்கிறதுக்காக. தியானிக்க எடுத்தா நல்லது. வருஷம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க எடுத்தா அது கிளி ஜோசியம், கிளிக்குப் பதிலா ஆயர் நிக்கிறாரு, அவ்வளவுதான். வனாந்தரத்துல பாம்பு கடிச்சவங்க பாத்து பிழைக்கட்டும்னு வெண்கல சர்ப்பத்தை செய்யச் சொன்னது கர்த்தரே, பின்னாடி ஜனங்க அதுக்கு தூபம் காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா அதை உடைச்சே போட்டான். நல்லதா ஆரம்பிச்சதும் அப்படி ஆகும்.

மத்தவங்களுக்கு கிடைச்ச "ஆசீர்வாத" வசனத்தையும் பாத்துருவோம். கார்டுலயும் காலண்டர்லயும் அடிக்கடி வர்றது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதுக்கு முந்தின வசனத்துல 70 வருஷம் கழிச்சுன்னு இருக்கு. பாபிலோன்ல சிறையா இருக்கிறவங்களுக்கு எழுதின கடிதம் அது, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, இப்போதைக்கு ஊர் திரும்புற வழி இல்லன்னு அர்த்தம். கேட்டவங்கள்ல பாதி பேர் அங்கயே செத்திருப்பாங்க. ஆனாலும் அது வாக்குத்தத்தம்தான். உங்க கார்டுல வந்த வசனத்தோட முழு அதிகாரத்தையும் வாசிச்சுப் பாருங்க, பாடுங்குறதுக்கு மேலயும் கீழயும் கண்டிப்பா எதாவது இருக்கும்.

வாசகர், நாகர்கோவில்: எல்லாத்துக்கும் வேதத்துல இருக்கான்னு கேக்குறீங்க. சண்டே ஸ்கூல் வேதத்துல இருக்கா, அசனம் இருக்கா, மைக் செட் இருக்கா? முன்னோர் சொன்னதை இப்படி தோண்டிட்டே இருந்தா கடைசியில என்ன மிஞ்சும்?

பதில்: ஐயா, வேதத்துல இருக்கான்னு நான் கேக்கல, வேதத்துக்கு முன்னாடி நிக்குமான்னுதான் கேக்குறேன். சண்டே ஸ்கூல் இங்கிலாந்துல குளோஸ்டர் ஊர்ல 1780-ல ராபர்ட் ரெய்க்ஸ் நடத்தினதுக்கு அப்புறம்தான் பரவுச்சு, வேதத்துல இல்லதான், இருக்கட்டும். அசனத்துல ஊரே ஒரே வரிசையில உக்காந்து ஒரே சோத்தை சாப்பிடுது, அது நடக்கணும், நல்லா நடக்கணும்.

முன்னோர் சொன்னதுக்கு மரியாதை வேண்டாம்னு யார் சொன்னா? எரேமியா 35 வாசிங்க. ரேகாபியர்ங்குற குடும்பத்தார் முன்னாடி திராட்சரசத்தை வச்சு குடிங்கன்னு எரேமியா தீர்க்கதரிசி சொல்றாரு, அவங்க குடிக்கல, எங்க தகப்பன் யோனதாப் குடிக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, விதைக்கக்கூடாது, கூடாரத்துலயே இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்குறாங்க. கர்த்தர் அவங்களை மெச்சிக்கிறாரு. ஆனா அதே மூச்சுல மத்த யூதாவைப் பாத்து நீங்களும் கூடாரத்துக்குப் போங்கன்னு சொல்லல. ஒரு குடும்பத்தோட நல்ல வழக்கம் அந்தக் குடும்பத்தோடதா இருக்கலாம், அதை அடுத்த வீட்டுக்காரன் ரட்சிப்புக்கு அளவுகோலா வைக்கிறப்பத்தான் பிரச்சனை. தோண்டினா என்ன மிஞ்சும்னு பயப்படாதீங்க, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்"னு இருக்கு, பிடிச்சுக்கவும்தான் சொல்லியிருக்கு. பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தினமும் வேதத்தை திறந்து சரி பாத்தாங்க, அதுக்காக அவங்களை யாரும் திட்டல.

வாசகி, மார்த்தாண்டம்: அடுத்த மாசம் எனக்கு கல்யாணம். தாலி கட்டக்கூடாது, மோதிரம்தான் வேதப்படின்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றாங்க, எங்க வீட்டுல சிலுவை போட்ட தாலி செஞ்சே ஆகணும்ங்குறாங்க. எது சரி?

பதில்: தாலியும் வேதத்துல இல்ல, கல்யாண மோதிரமும் இல்ல. வெள்ளை கவுன் 1840-ல விக்டோரியா ராணி போட்டதுக்கு அப்புறம்தான் ஃபேஷனே ஆச்சு. நீங்களும் அந்தப் பையனும் பேசி எது வேணும்னு முடிவு பண்ணுங்க, ஆயர் ரெண்டையும் ஜெபிச்சு ஆசீர்வதிச்சு கொடுப்பாரு. ஆனா ரெண்டு பக்க லெட்டர்ல தாலி, மோதிரம், சிலுவை எல்லாம் எழுதின நீங்க எத்தனை பவுன் பேசியிருக்காங்கன்னு மட்டும் எழுதல. அதையும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அதைப் பேசுவோம்.